ரூ.2 ஆயிரம் இருந்தா கடல் அலையில் சறுக்கலாம்! எந்த மாசம் போகணும்? எங்கே போகணும்? நந்தனம் வாசிகளுக்கு முழு விவரம்

நந்தனம்,

சர்பிங் எனப்படும் அலைச்சறுக்கு என்றாலே "அதெல்லாம் பணக்காரங்க, வெள்ளைக்காரங்க விளையாட்டு" என்று ஒதுங்கிப் போகிறவர்கள்தான் நம்மில் அதிகம். டி.வி.யில் பார்த்தால் ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று காட்டுவார்கள். ஆனால் நந்தனம் சிக்னலில் இருந்து சுமார் 35 கி.மீ. தூரத்தில், கிழக்கு கடற்கரைச் சாலையில் இருக்கும் கோவளம் மீனவ குப்பத்துப் பசங்க இதில் கில்லாடிகள். இந்திய அளவில் ஜெயித்து வந்த பசங்களும் அந்த மணலில் இருக்கிறார்கள்.

சமீப காலமாக நம்ம ஏரியா வாலிபர்களுக்கும் இந்த ஆசை வந்துவிட்டது. செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, "நாமும் போலாமா மச்சான்?" என்று கிளம்புகிறார்கள். ஆசை தப்பில்லை. ஆனால் எந்த மாதம் போவது, எந்த நேரம் போவது, எங்கே போவது என்று தெரியாமல் கிளம்பினால் இரண்டில் ஒன்று நடக்கும். காசு போகும். இல்லை என்றால் உயிர் போகும். இரண்டும் போகாமல் ஒரு நாள் எப்படிப் போய் வருவது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

கட்டுமரக்காரனுக்கு இது புதுசா?

அலை மேல் பலகை போட்டு நிற்பது நம்ம ஊருக்குப் புதிய விஷயமே இல்லை. கட்டுமரத்தில் அலையைத் தாண்டிப் போய், திரும்பி வரும்போது அதே அலையின் முதுகில் ஏறி கரை சேர்வது மீனவர்களுக்கு தினசரி வேலை. இங்கிலீஷில் கட்டுமரத்துக்குச் சொல்லும் பெயரே நம்ம வார்த்தையில் இருந்து போனதுதான்.

கோவளத்தைச் சேர்ந்த மீனவர் மூர்த்தி மேகவன் அப்படித்தான் மரப்பலகையில் ஆரம்பித்தார். பிறகு நிஜமான சறுக்குப் பலகை கிடைத்தது. தான் கற்றதை குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2012-ம் ஆண்டு வாக்கில் தொழில் அதிபர் அருண் வாசு துணையோடு அது பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது. 2013-ல் இருந்து கோவளத்தில் அலைச்சறுக்குத் திருவிழாவும் நடந்தது. தென்ஆப்பிரிக்க கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் எல்லாம் வந்து அலையில் இறங்கினார்.

அடுத்து மாமல்லபுரம். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உலக அளவிலான தகுதிச் சுற்றுப் போட்டி அங்கே நடந்தது. 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஆசிய சாம்பியன்ஷிப் போட்டியும் அங்கேதான் நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வாங்கினார். ஆசிய சாம்பியன்ஷிப்பில் தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் பதக்கம் வாங்கியது அதுவே முதல் முறை என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டு போட்டியுமே ஆகஸ்டு மாதம் என்பதை கவனித்தீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அலை எங்கிருந்து வருது தெரியுமா?

நாம் நினைப்பது போல அலை என்பது கரைக்குப் பக்கத்தில் அடிக்கும் காற்றில் மட்டும் கிளம்புவது இல்லை. நல்ல சறுக்கு அலை ரொம்ப தூரத்தில் பிறக்கிறது. பூமியின் தென்கோடியில், அண்டார்டிகாவுக்கு இந்தப் பக்கம் உள்ள கடலில் மே முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். அங்கே அடிக்கும் புயல் காற்று கடலைக் கிளறிவிடும். அந்த அலைகள் இந்துமகா சமுத்திரம் முழுவதையும் கடந்து, 6 ஆயிரம் கி.மீ.க்கு மேல் பயணம் செய்து, ஐந்தாறு நாள் கழித்து நம்ம கரைக்கு வந்து சேர்கின்றன.

இவ்வளவு தூரம் வரும்போது சில்லறை அலைகள் எல்லாம் வழியிலேயே அடங்கிவிடும். பெரிய அலைகள் மட்டும் வரிசையாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 10 செகண்டு, 15 செகண்டு இடைவெளி விட்டு வரும். சர்பிங்காரர்கள் காத்திருப்பது இந்த அலைக்குத்தான்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் காலையில் மேற்கில் இருந்து தரைக்காற்று அடிக்கும். கச்சான் காற்று என்பார்கள். கரையில் இருந்து கடலை நோக்கி அடிக்கும் அந்தக் காற்று, வரும் அலையின் முகத்தைத் தடவி நிமிர்த்தி வைக்கும். அலை உடனே நொறுங்காமல் சுவர் மாதிரி நின்று, பிறகு ஒரு பக்கமாக மடிந்துகொண்டே போகும். அதனால்தான் போட்டிகளை ஆகஸ்டில் வைக்கிறார்கள்.

பகல் ஏறியதும் கதை மாறிவிடும். வெயிலில் தரை சூடாகி, கடல்காற்று உள்ளே வர ஆரம்பிக்கும். சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவை இல்லை. மதியம் மாடியில் நின்றால் தெரியும். தை, மாசியில் பத்து, பதினொரு மணிக்கே வந்துவிடும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று பலமாக இருப்பதால் மதியத்துக்கு மேல்தான் வரும். கடல்காற்று வந்துவிட்டால் அலை குழம்பிவிடும். நாலா பக்கமும் நுரைதான். கற்றுக்கொள்ளப் போனவருக்கு உப்புத் தண்ணீர் குடிப்பதுதான் மிச்சம்.

அதனால் எந்த மாதமாக இருந்தாலும் காலை 6 மணியில் இருந்து 9 மணிக்குள் தண்ணீரில் இருக்க வேண்டும். 11 மணிக்குப் போய் இறங்கி ஒரு வகுப்புக்குக் காசு கொடுப்பது, படம் முடிந்த பிறகு டிக்கெட் எடுப்பது மாதிரி.

பேப்பரில் வரும் மாசம் நமக்கு இல்லை!

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஆகஸ்டில் போட்டிச் செய்தி வருகிறது. படம் வருகிறது. உடனே ஆகஸ்டிலேயே கிளம்பிவிடுகிறார்கள். அது தேர்ந்தவர்களுக்கான சீசன். புதிதாகப் போகிறவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கவே திணறுவார். தெரிந்த மாஸ்டர் பக்கத்தில் இருந்தால் கரையோர நுரையில் கற்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் தடவைக்கு நல்ல காலம் அது இல்லை.

புதியவர்களுக்கு ஏற்ற காலம் பொங்கல் முடிந்து தை பிற்பகுதியில் இருந்து பங்குனி வரை. அதாவது ஜனவரி கடைசி, பிப்ரவரி, மார்ச். வாடைக்காற்று அடங்கிவிடும். தென்கடல் புயல் இன்னும் ஆரம்பித்திருக்காது. முழங்கால், இடுப்பு உயரத்துக்கு சின்னச் சின்ன அலைகள் ஒழுங்காக வரும். விழுந்தாலும் அடி படாது. காலை வெயிலும் தாங்கும்.

இதில் நந்தனம், தி.நகர் ஆட்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. பாண்டி பஜார், ரங்கநாதன் தெரு கடைகளில் வேலை பார்க்கும் தம்பி, தங்கைகளுக்கு ஆடித் தள்ளுபடி நேரத்தில் லீவு கேட்டால் கிடைக்குமா? தீபாவளி நேரத்தில் வாயைத் திறக்க முடியுமா? ஆனால் பொங்கல் வியாபாரம் முடிந்த பிறகு கடை கொஞ்சம் ஓயும். வார விடுமுறையும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் செவ்வாய், புதன் என்று வார நாளில்தான் தருவார்கள். மற்ற நாளில் இதை நினைத்து நொந்துகொள்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் சந்தோஷப்படலாம். சனி, ஞாயிறில் கோவளத்தில் தலைதான் தெரியும், தண்ணீர் தெரியாது. கட்டணமும் கூட. வார நாளில் போனால் கடலும் காலி, மாஸ்டரும் நம்மைத் தனியாகக் கவனிப்பார்.

இன்னொரு சிக்கல். கையில் காசு புரள்வது போனஸ் வாங்கும் ஐப்பசியில். அப்போது கடல் மோசம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் வடகிழக்குப் பருவமழைக் காலம். காற்று கடலில் இருந்து கரையை நோக்கி அடிக்கும். நீரோட்டம் வடக்கில் இருந்து தெற்கே இழுக்கும். புயல் வேறு. 2022-ம் ஆண்டு டிசம்பர் 9-ந்தேதி இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்ததே மாமல்லபுரம் பக்கத்தில்தான். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. போனஸ் வந்த கையோடு கிளம்பாமல், 2 ஆயிரம் ரூபாயை தனியாக எடுத்து வைத்துவிட்டு தை மாதம் வரை பொறுத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். எடுத்து வைத்த காசு அதுவரை இருக்குமா என்பது வேறு விஷயம்.

சித்திரை, வைகாசி? அலை மெல்ல எழும்பும். ஆனால் மணல் கொதிக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டம் நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மீன் சாப்பாடும் விலை ஏறிக் கிடக்கும். அது மட்டும் இல்லை. இந்த மாதங்களில்தான் "கள்ளக்கடல்" வரும்.

கள்ளக்கடல் என்றால் என்ன?

வானம் தெளிவாக இருக்கும். காற்றே இருக்காது. மழை இல்லை, புயல் இல்லை. ஆனால் எங்கோ தென்கோடியில் கிளம்பிய பேரலை திடீரென்று கரையில் ஏறும். திருடன் மாதிரி சத்தம் இல்லாமல் வருவதால் அந்தப் பெயர்.

2024-ம் ஆண்டு மே மாதம் 6-ந்தேதி கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரைக்குப் போன மருத்துவ மாணவ-மாணவிகள் 5 பேரை அலை இழுத்துப்போய் உயிர் பறித்தது. அந்தச் சமயத்தில் கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை கொடுக்கப்பட்டு இருந்தது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம்தான் இந்த எச்சரிக்கையை வெளியிடுகிறது. மீனவர்களுக்கு மட்டும் என்று நினைத்து நாம் கடந்து போய்விடுகிறோம். கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி டி.வி. செய்தியில் "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று சொன்னால், நமக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். முன்பதிவுக் காசு போனால் போகட்டும். நல்ல பயிற்சிப் பள்ளியாக இருந்தால் அவர்களே வேறு தேதி தருவார்கள்.

மெரினா, பெசன்ட் நகர் பக்கத்துலயே இருக்கே?

நந்தனத்தில் இருந்து பெசன்ட் நகர் எட்டிப் பிடிக்கிற தூரம். மெரினாவும் அப்படியே. "அங்கேயே ஒரு பலகையைப் போட்டுப் பார்த்தா என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கூடவே கூடாது.

மெரினாவில் குளிக்கவே போலீஸ் தடை இருக்கிறது. காரணம், கரை அங்கே சரிவாக இறங்கும். இரண்டு எட்டு வைத்தால் ஆளை முழுங்கும் ஆழம். அலையும் தூரத்தில் உடையாமல் கரையிலேயே வந்து டமார் என்று விழும். சறுக்குவதற்கு இடமே கிடையாது. தலைகீழாக மணலில் குத்தும்.

பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாக ஒரு வளைவு மண்டபம் நிற்கிறதே, போட்டோ எடுக்காதவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். அது கார்ல் ஷ்மிட் என்ற வெளிநாட்டுக்காரரின் நினைவாகக் கட்டப்பட்டது. கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய், அவர் மூழ்கி இறந்தார். நடந்தது 1930-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி. மார்கழி மாதம். மேலே சொன்ன மோசமான மூன்று மாதத்தில் ஒன்று என்பதை கவனிக்கவும்.

இழுவை என்று ஒன்று இருக்கிறது. கரைக்கு வந்த அலைத் தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக ஒரு வழி தேடும். எங்காவது மணல் பள்ளமாக இருந்தால் அந்த இடம் வழியாக வாய்க்கால் மாதிரி வேகமாகக் கடலுக்குள் ஓடும். மேலே பார்த்தால் இரண்டு பக்கமும் வெள்ளை நுரையாக இருக்கும். நடுவில் மட்டும் அலை உடையாமல், கறுப்பாக, அமைதியாகத் தெரியும். விவரம் தெரியாதவர்கள் "இங்க அலை கம்மியா இருக்கு" என்று சரியாக அங்கேதான் இறங்குவார்கள்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. எந்த நீச்சல் வீரனும் அதை எதிர்த்து ஜெயிக்க முடியாது. கரைக்குப் பக்கவாட்டில், கரையை ஒட்டினாற்போல நீந்தி அந்த வாய்க்காலை விட்டு வெளியே வர வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பலகை காலில் கயிறு போட்டுக் கட்டி இருக்கும், அதை அவிழ்க்கவே கூடாது. அந்தப் பலகைதான் மிதவை.

கரையில் இருக்கும் நண்பர்கள் ஆளுக்கு ஆள் குதித்துக் காப்பாற்றப் போவதுதான் சாவு எண்ணிக்கையைக் கூட்டுகிறது. உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். கடலோரப் பாதுகாப்பு போலீசுக்கு 1093. ஆம்புலன்சுக்கு 108.

கோவளம் ஏன் நல்லது?

கோவளத்தில் கரை லேசாக வளைந்து, பாறையும் கற்சுவருமாக ஒரு முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டு இருக்கிறது. தெற்கில் இருந்து வரும் அலை அந்த முனையில் பட்டு, ஒரே அடியாக உடையாமல் ஓரத்தில் இருந்து வரிசையாக மடியும். அதனால் சறுக்கிப் போக தூரம் கிடைக்கிறது. முனைக்குப் பக்கத்தில் தேர்ந்தவர்கள் இருப்பார்கள். தள்ளி மணல் பக்கம் புதியவர்களுக்கு இடம்.

2021-ம் ஆண்டு கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடி சர்வதேசத் தரச் சான்றிதழ் கிடைத்தது. அதற்காக கண்காணிப்பு கோபுரம், கழிப்பறை, உடை மாற்றும் அறை, உயிர்காப்பாளர்கள் என்று வசதிகள் செய்தார்கள். பெண்களை அழைத்துப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் ஒன்று. அது முதலில் மீனவர்களின் ஊர். காலை ஏழு, எட்டு மணிக்கு பைபர் படகுகள் கரை திரும்பும். அலையில் ஏறி வரும் படகை நிறுத்த முடியாது. படகு வரும் பாதையில் நாம் பலகையோடு நின்றால் தப்பு நம்முடையதுதான். கரைவலை இழுக்கும் இடத்துக்கும் போகக் கூடாது. காலில் கட்டிய கயிறு வலையில் சிக்கினால் அவர்களுக்கும் நஷ்டம், நமக்கும் ஆபத்து.

மழை பெய்த மறுநாளும் வேண்டாம். ஊர்க் கழிவு எல்லாம் முகத்துவாரம் வழியாக கடலுக்கு வரும். இரண்டு, மூன்று நாள் விட்டுப் போனால் கண் எரிச்சல், காது வலி மிச்சம்.

செலவு எவ்வளவு ஆகும்?

முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பலகை வாங்க வேண்டுமா என்று பயப்படாதீர்கள். பலகை, மேல்சட்டை எல்லாம் அவர்களே தருவார்கள். 8, 9 அடி நீளத்தில் மெத்து மெத்தென்று நுரைப் பலகை. தலையில் பட்டாலும் மண்டை உடையாது. (சொந்தப் பலகை வாங்கினாலும் மாநகரப் பஸ்சில் கண்டக்டர் ஏற்றுவாரா என்பது சந்தேகம்தான்.)

ஒன்று, ஒன்றரை மணி நேர வகுப்புக்கு கோவளம், மாமல்லபுரம் பக்கம் ரூ.1,500-ல் இருந்து ரூ.2,500 வரை கேட்கிறார்கள். மாஸ்டர் தனியாக ஒருவருக்கே சொல்லித் தந்தால் கூட, நாலு பேர் சேர்ந்து போனால் குறைவு. போன் போட்டு, "வார நாள் ரேட் எவ்வளவு? நாலு பேர் வந்தா எவ்வளவு?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

பஸ்சில் போகிறவர்களுக்கு தி.நகர், திருவான்மியூரில் இருந்து கோவளம், மாமல்லபுரம் பக்கம் மாநகரப் பஸ்கள் இருக்கின்றன. மாமல்லபுரம் பஸ் ஏறினால் கோவளம் கூட்டு ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டி இருக்கும். 2021-ல் இருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் அந்த பஸ் கிடைத்தால் தங்கைகளுக்கு அந்தச் செலவும் மிச்சம். சிக்கல் என்னவென்றால் நேரம்தான். நந்தனத்தில் விடிந்து பஸ் பிடித்து, மாறி, போய்ச் சேர எட்டு மணி ஆகிவிடும். அதனால் எட்டு, எட்டரை வகுப்பாகக் கேட்டு வாங்குங்கள். தை, மாசியில் அதற்கு மேல் தள்ளிப் போகக் கூடாது.

பைக்கில் இரண்டு பேராகப் போவது வசதி. போக வர 70, 75 கி.மீ. ஒன்றரை லிட்டர் பெட்ரோல் போதும். லிட்டர் ரூ.100 சொச்சம் என்று வைத்தால் ஆளுக்கு 80 ரூபாய்க்குள் அடங்கும். பைக்குக்கு சுங்கக் கட்டணம் கிடையாது. ஐந்து மணிக்கு கிளம்பினால் ஆறேகாலுக்கு கடற்கரை. ரோடு காலியாக இருக்கிறது என்று கிழக்கு கடற்கரைச் சாலையில் முறுக்கிக்கொண்டு போக வேண்டாம். கடலுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் நிறைய பேர். இரண்டு பேருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

சாப்பாடு? வகுப்புக்கு முன்னால் ஒரு வாழைப்பழம், இரண்டு பிஸ்கெட் போதும். வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டு பலகையில் குப்புறப் படுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். முடிந்த பிறகு ஊருக்குள் இட்லி, பொங்கல் கிடைக்கும். கடற்கரையை ஒட்டிய கபேக்களில் உட்கார்ந்தால் ஒரு காபிக்கே நம்ம ஊர் சாப்பாட்டுக் காசு.

ஆக மொத்தம் நாலு பேர் சேர்ந்து, வார நாளில் போனால் ஆளுக்கு 2 ஆயிரம் ரூபாய்க்குள் முடிக்கலாம். மாதம் 15 ஆயிரம் வாங்குகிறவருக்கு இது நாலு நாள் கூலி. சின்னக் காசு இல்லை. அதனால்தான் மாதம் பார்த்து, நேரம் பார்த்துப் போகச் சொல்கிறோம். தப்பான நாளில் போனால் அந்த நாலு நாள் கூலிக்கு நுரை மட்டும்தான்.

மூன்று நாள், ஐந்து நாள் பேக்கேஜ் என்று தங்கும் வசதியோடு சொல்வார்கள். முதல் தடவை அதற்குப் பணம் கட்ட வேண்டாம். ஒரு வகுப்பு போய்ப் பாருங்கள். பிடித்தால் இரண்டாவது வகுப்பு. பலகையில் சுமாராக எழுந்து நிற்க வந்துவிட்டால் அதற்குப் பிறகு மணிக் கணக்கில் பலகையை மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். வகுப்பை விட அது ரொம்ப மலிவு. ஆனால் "நான் கத்துக்கிட்டேன்" என்று மாஸ்டர் சொல்ல வேண்டும். நாமே சொல்லிக்கொள்ளக் கூடாது.

நீச்சல் தெரியாதவர்கள்?

"இடுப்பளவு தண்ணியிலதான் சொல்லித் தருவாங்க, நீச்சல் தேவை இல்லை" என்று சில இடங்களில் சொல்கிறார்கள். மாஸ்டர் கையை விட்டு நகராத வரைக்கும் அது சரி. இந்த நிருபரின் கருத்து வேறு. முதலில் நீச்சல், அப்புறம் சறுக்கு. மெரினாவில் மாநகராட்சி நீச்சல் குளம் இருக்கிறது. வேளச்சேரியில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் வளாகம் இருக்கிறது. 1920-ல் அமெரிக்கர் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நம்ம நந்தனத்திலேயே இருக்கும்போது, இந்த ஏரியா பசங்களுக்கு நீச்சல் தெரியாது என்றால் கேட்க நன்றாகவா இருக்கிறது? ஐப்பசி முதல் மார்கழி வரை கடலுக்குப் போக முடியாத மூன்று மாதத்தில் நீச்சல் கற்றுக்கொண்டால், தை மாதம் கணக்கு சரியாக இருக்கும்.

வலிப்பு, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. தோள்பட்டை நழுவும் பிரச்சினை இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த விளையாட்டில் பாதி வேலை கைக்குத்தான்.

பள்ளியைத் தேர்வு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு மாஸ்டருக்கு எத்தனை பேர்? அவர் தண்ணீருக்குள் கூடவே வருவாரா, கரையில் நின்று கத்துவாரா? தண்ணீரில் இருந்து மீட்கும் பயிற்சி பெற்றவரா? கரையில் நின்று கத்துகிற மாஸ்டர் என்றால், ரேட் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

ஜீன்ஸ் போட்டு இறங்குவது, லுங்கியோடு இறங்குவது எல்லாம் கூடாது. நனைந்தால் கல் மாதிரி கனக்கும். உடம்போடு ஒட்டிய டி-சர்ட், கால்சட்டை போதும். பெண்கள் லெக்கின்ஸ், முழுக்கை டி-சர்ட் அணியலாம். துப்பட்டா கூடாது. தாலிச் செயின், மோதிரம், கொலுசு எல்லாம் வீட்டில். கடலில் விழுந்த தங்கத்தைத் தேட ஆள் கிடையாது.

சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டால் தேய்க்கக் கூடாது. நல்ல தண்ணீர் ஊற்றாமல் கடல் தண்ணீரிலேயே கழுவிவிட்டு, வீக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வேறு எங்கே போகலாம்?

மாமல்லபுரம் நந்தனத்தில் இருந்து சுமார் 55 கி.மீ. கடற்கரைக் கோவில் பக்கத்து அலை பெயர் பெற்றது. ஆனால் பாறை இருப்பதால் மாஸ்டர் இல்லாமல் வேண்டாம். வெளிநாட்டவர் வந்து போகும் ஊர் என்பதால் தங்கும் இடம் மலிவு முதல் காஸ்ட்லி வரை கிடைக்கும். ஆகஸ்டில் போட்டி நடந்தால் போய் வேடிக்கை பாருங்கள். கரையில் நின்று பார்க்க காசு இல்லை. மிரண்டுபோவீர்கள்.

புதுச்சேரி அருகே தந்திராயன்குப்பம் பக்கம் செரினிட்டி கடற்கரை. அலை நன்றாக இருக்கும், அங்கும் பயிற்சிப் பள்ளிகள் உண்டு. ஆனால் 150 கி.மீ. போய் வர வேண்டும், ராத்திரி தங்க வேண்டும். அதோடு நம்ம ஆட்கள் புதுச்சேரி போனால் அலைக்காக மட்டுமா போவார்கள்? ராத்திரி "சரக்கு" போட்டவர் மறுநாள் காலை கடலில் இறங்கவே கூடாது.

நாகப்பட்டினம் தாண்டி ராமேசுவரம் வரைக்கும் சறுக்கு அலையை எதிர்பார்க்காதீர்கள். இலங்கை குறுக்கே நிற்பதால் தென்கடல் அலை பாக் ஜலசந்திக்குள் வராது. அதே சமயம் இன்னும் தெற்கே போனால் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் அலை மறுபடியும் வரும். தேவாலயம் இருக்கும் குன்றை ஒட்டி அழகான இடம். சொந்த ஊர் அந்தப் பக்கம் உள்ளவர்கள் திருவிழாவுக்குப் போகும்போது பார்த்துவரலாம்.

மார்கழியில்தான் லீவு கிடைக்கிறது என்பவர்களுக்கு கேரளா. இங்கே கோவளம் என்று சொன்னால் பலர் திருவனந்தபுரம் கோவளத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அங்கும் சர்பிங் இருக்கிறது. ஆசிய பதக்கம் வாங்கிய ரமேஷ் புதிஹால் வளர்ந்தது அந்தக் கோவளத்தில்தான். அங்கே கணக்கு தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும். நமக்கு மோசமான டிசம்பரில் அங்கே கடல் சாது. எழும்பூரில் இருந்து அனந்தபுரி எக்ஸ்பிரசில் ஏறினால் வர்கலாவிலேயே இறங்கலாம். ரெயிலுக்கு இரண்டு ராத்திரி, தங்க ஒரு ராத்திரி என்று பார்த்தால் செலவு இரண்டு, மூன்று மடங்கு ஆகும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் அறை வாடகையைக் கேட்கவே முடியாது. டிசம்பர் முதல் இரண்டு வாரம் என்றால் பரவாயில்லை.

இலங்கை போகணும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வரி. கிழக்கே பொத்துவில் பக்கம் அறுகம்குடா உலகப் புகழ் பெற்ற இடம். தமிழ் பேசும் ஊர் என்பதால் பாஷைப் பிரச்சினை இல்லை. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே சீசன். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கே வெலிகம, ஹிக்கடுவ பக்கம். பாஸ்போர்ட், விமானம் எல்லாம் சேர்த்தால் இது மாசக் கணக்கில் காசு சேர்த்துப் போகிற வேலை. கோவளத்தில் எழுந்து நிற்கப் பழகிய பிறகு யோசிக்கலாம்.

பிப்ரவரி, மார்ச் மாத வார நாள் வகுப்புகளுக்கு ஒரு வாரம் முன்னால் போன் செய்தால் இடம் கிடைக்கும். முதல் நாள் மாலை மறுபடியும் போன் செய்து, "நாளைக்கு அலை எப்படி? காத்து எப்படி?" என்று கேட்டுவிட்டு அலாரம் வையுங்கள்.